வேப்பூரு ஐடி

இது நடந்து மூன்று வருடம் இருக்கும். ஐப்பசி மாதம், விருத்தாசலத்தில் விட்டுவிட்டு மழை. சூளைக்குப் போக வேண்டிய சரக்கெல்லாம் காயாமல் ஷெட்டில் நின்றதால், எல்லாருமே கொஞ்சம் எரிச்சலோடு இருந்த நாட்கள் அவை. அந்த எரிச்சலின் மேல் பழி போட்டுத் தப்பிக்க நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். முடியவில்லை. தப்பு என்னுடையது.

செராமிக் பேட்டையில் மின்கம்பங்களுக்குப் போகும் பீங்கான் இன்சுலேட்டர் செய்யும் ஒரு கம்பெனியில் நான் ஆபீஸ் வேலை பார்க்கிறேன். அப்போதே பத்தொன்பது வருட சர்வீஸ். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று எல்லாருக்கும் தெரியும். ஆபீஸில் எந்தக் காகிதம் எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்காமல் முதலாளிக்கே தெரியாது என்கிற திமிரும் உண்டு.

நோட்டுப் புத்தகங்களை ஒழித்துவிட்டு எங்கள் முதலாளி ஒரு கம்ப்யூட்டர் சிஸ்டம் போட்டார். ஆர்டர், மண் கலவை, மேலே பூசும் கிளேஸ், சூளையில் எத்தனை மணி நேரம் என்ன சூட்டில் வைக்க வேண்டும் என்பது, எல்லாம் அதில்தான். ஒவ்வொரு சரக்குக்கும் அதிலிருந்து ஒரு கார்டு பிரிண்ட் ஆகி வரும். அந்தக் கார்டில் இருப்பதைத்தான் சூளை மேஸ்திரி செய்ய வேண்டும். வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் தனி ஐடி, தனி பாஸ்வேர்டு. எல்லாவற்றையும் திறந்து பார்க்கிற உரிமை உள்ள அட்மின் மூன்று பேர்: நான், மேனேஜர், சூளை மேஸ்திரி.

ஆரம்பத்தில் மூன்று லோடு வரிசையாகக் கெட்டது. வெடிப்பு, கோணல், கிளேஸ் உரிதல். நாலாவது லோடுக்கான கார்டை, கிளேஸ் செக்‌ஷனில் வேலை பார்த்த ஒரு பெண் தன் ஐடியில் போட்டாள். வேப்பூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். அதனால் அவளை எல்லாரும் ‘வேப்பூரு’ என்றுதான் கூப்பிடுவோம். அந்த லோடைச் சூளையிலிருந்து இறக்கினபோது ஒரு பீஸில்கூட வெடிப்பு இல்லை. மேஸ்திரி கையெடுத்துக் கும்பிட்டார்.

“ராசியான கைம்மா உனக்கு. இனிமே கார்டெல்லாம் வேப்பூரு ஐடியிலயே போடுங்க,” என்றார்.

விளையாட்டாக ஆரம்பித்ததுதான். ஒரே மாதத்தில் அது வழக்கமாகிவிட்டது. அவள் வேறு வேலையில் இருந்தாலும், லீவு போட்டாலும், கார்டு அவள் ஐடியில்தான் போகும். அவளிடம் பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கி என் மேசைப் பக்கத்துச் சுவர்க் காலண்டரில் பென்சிலால் எழுதி வைத்தவள் நான்தான். அவளும் சிரித்துக்கொண்டே சொன்னாள். தராவிட்டால் “எங்க மேல நம்பிக்கை இல்லியா?” என்று நாங்கள் கேட்டிருப்போம். ஆயுத பூஜைக்கு அவளுடைய கீபோர்டுக்கு மட்டும் இரண்டு பொட்டு கூடுதலாக வைத்தோம். பைத்தியக்காரத்தனம் என்று இப்போது சொல்லலாம். அப்போது எங்களுக்கு அது பக்தி.

அந்த ஐப்பசியில் ஒரு பெரிய லோடு கெட்டது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. வாங்குகிற கம்பெனியிலிருந்து சோதிக்க வந்தவர் ஒரு பீஸை உடைத்துச் சிவப்பு மையில் ஊறப் போட்டார். நன்றாக வெந்த பீங்கானில் மை மேலோடு நின்றுவிடும், துடைத்தால் போய்விடும். எங்கள் பீஸில் மை உள்ளே வரைக்கும் ஏறியிருந்தது. சரக்கு வேகவில்லை. லோடு முழுவதும் திருப்பி அனுப்பப்பட்டது.

முதலாளி மேஸ்திரியைப் பிடித்தார். மேஸ்திரி கார்டை எடுத்து நீட்டினார். மூன்று மணி நேரம் உச்ச சூட்டில் வைக்க வேண்டிய பெரிய சரக்குக்குக் கார்டில் ஒன்றரை மணி நேரம் என்று இருந்தது.

“எனக்கு அன்னைக்கே கொஞ்சம் சந்தேகமாதான் இருந்துதுங்க. ஆனா கார்டுல இருக்குறதத்தான் செய்யணும்னு நீங்க சொல்லிட்டீங்க. அதுவும் வேப்பூரு ஐடியில வந்த கார்டு, நான் எதுக்குக் கேக்கப் போறேன்?” என்றார் மேஸ்திரி.

யார் மாற்றியது என்று பார்க்கச் சொன்னார் முதலாளி. நான் சிஸ்டத்தைத் திறந்தேன். திரையில் தெளிவாக இருந்தது: மூன்று, ஒன்றரையாக மாற்றப்பட்டிருக்கிறது, மாற்றிய தேதி, மத்தியான நேரம், மாற்றியவர் என்ற இடத்தில் வேப்பூரு ஐடி. பிரிண்ட் எடுத்து அவர் கையில் கொடுத்ததும் நானே.

அவளைக் கூப்பிட்டார்கள். கையில் கிளேஸ் காயாமல் அப்படியே வந்து நின்றாள்.

“நான் மாத்தலீங்க. அன்னைக்கு மத்தியானம் பூரா கலவை ரூம்லதான் இருந்தேன்,” என்றாள்.

“அப்ப உன் பேர்ல பேய் வந்து மாத்திட்டுப் போச்சா?” என்றார் முதலாளி.

அவள் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். “அக்கா, நீங்களாச்சும் சொல்லுங்கக்கா. என் ஐடியில எல்லாருந்தான போடுறாங்க.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “கம்ப்யூட்டரு பொய் சொல்லாதும்மா,” என்றேன். அப்படியே, இதே வார்த்தை. மேஸ்திரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேனேஜர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாரும் அவள் ஐடியைப் பயன்படுத்தினோம் என்று முதலாளியிடம் சொல்ல எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. சொன்னால் மூன்று பேருக்கும் திட்டு விழும் என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

மறுநாளிலிருந்து வரவேண்டாம், விசாரித்துவிட்டுச் சொல்கிறேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். பேட்டையில் ஒரு கம்பெனியில் பெயர் கெட்டால் இன்னொரு கம்பெனியின் கேட் திறக்காது. போட்டிக் கம்பெனிக்காரன் சொல்லி வேண்டுமென்றே செய்திருப்பாள் என்றுகூட டீக்கடையில் பேசினார்கள். அதுவும் என் காதில் விழுந்தது. நான் மறுத்துப் பேசவில்லை.

கார்டு மாறியதால்தான் சரக்கு கெட்டது என்று முதலாளி விளக்கம் எழுதியதும், வாங்குகிற கம்பெனி ஒரு நிபந்தனை போட்டது. சிஸ்டத்தின் சாவி யார் யாரிடம் இருக்கிறதோ அவர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுத்தால்தான் அடுத்த ஆர்டர். அதற்காகப் புதுச்சேரியிலிருந்து ஒரு பெண் மூன்று நாள் பயிற்சிக்கு வந்தாள். முப்பது வயது இருக்கும். சாப்பாட்டு ஷெட்டை ஒட்டிய அறையில் புரொஜெக்டர் மாட்டி, நாங்கள் மூன்று அட்மின்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல முன்னால் உட்கார்ந்தோம்.

முதல் நாள் நான் அவளைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவள் ஆரம்பித்ததுமே, “ஏம்மா, விருத்தாசலத்துக்கு வந்து எங்க பாஸ்வேர்டத் திருடி எவன் என்ன பண்ணப் போறான்? இன்சுலேட்டரு சுடப் போறானா?” என்றேன். மேஸ்திரி சத்தமாகச் சிரித்தார். அவள் கோபப்படவில்லை. “திருடன் வெளியிலேருந்துதான் வரணும்னு இல்லீங்க மேடம்,” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போனாள். இரண்டாம் நாள் மத்தியானம் நான் தூங்கியே விட்டேன். மேனேஜர் முழங்கையால் இடித்து எழுப்பினார்.

மூன்றாம் நாள் அவள் ஒரு பயிற்சி வைத்தாள். “உங்க சிஸ்டத்துல நடந்த ஏதாவது ஒரு நெஜமான பிரச்சினையைச் சொல்லுங்க. அது எப்படி நடந்துச்சுன்னு சேர்ந்து தேடிப் பாப்போம்,” என்றாள்.

நான்தான் முந்திக்கொண்டேன். “எங்ககிட்ட ஒண்ணு இருக்குது. ஆனா தேடவே வேணாம், ஆளை ஏற்கெனவே புடிச்சாச்சு,” என்று சொல்லி, கார்டு மாறிய கதையை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். ராசியான கை விஷயமும் பேச்சோடு பேச்சாக வாயில் வந்துவிட்டது. பயிற்சி கொடுத்தவள் கையிலிருந்த பேனாவை மேசையில் வைத்தாள்.

“கொஞ்சம் இருங்க மேடம். அவங்க கை ராசின்னு சொல்றீங்க. ஆனா அவங்க ஐடியில மத்தவங்கதான் தட்டுறீங்க. அப்ப அது யாரோட கை?”

மேஸ்திரி ‘ஹ’ என்று ஒரு சத்தம் போட்டார். சிரிக்கவில்லை. இத்தனை மாதத்தில் எங்களில் ஒருவருக்கும் தோன்றாத கேள்வி அது. ராசி அவள் கையில் என்றால், என் கையால் தட்டினால் ராசி எப்படி வரும்? நாங்கள் கையை விட்டுவிட்டு ஐடியைக் கும்பிட்டுக்கொண்டிருந்தோம்.

அவள் சிஸ்டத்தில் ஏதோ ஒரு இடத்தைத் திறந்தாள். அட்மினுக்கு மட்டும் தெரியக்கூடிய பக்கம். எனக்கும் அந்த உரிமை இருந்தது, நான் ஒரு நாளும் உள்ளே போய்ப் பார்த்ததில்லை. எந்த நாள், எத்தனை மணி, எந்த ஐடி என்பதோடு, எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து மாற்றினார்கள் என்பதும் அதில் இருந்தது. வேப்பூரு உட்காருகிற இடத்துக் கம்ப்யூட்டருக்கு ‘கிளேஸ் ஒன்று’ என்று பெயர். அந்த வரியில் இருந்தது ‘ஆபீஸ் இரண்டு’. நேரம், மத்தியானம் இரண்டு நாற்பது.

“இது யாரோட டேபிள்?” என்று கேட்டாள்.

மேஸ்திரி மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். ஆபீஸ் இரண்டு என் மேசை. பத்தொன்பது வருடமாக நான் தவிர யாரும் உட்காராத மேசை.

அப்புறம்தான் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. அன்று சாப்பிட நேரமாகிவிட்டது. மேசையிலேயே டிபன் பாக்ஸைத் திறந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கடலூர் போயிருந்த மேனேஜர் போன் பண்ணி, சின்ன சரக்குக்கு நேரத்தை ஒன்றரை மணியாகக் குறைக்கச் சொன்னார். வலது கை எச்சில் கை. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, வேப்பூரு ஐடியில் நுழைந்து, இடது கையால் தட்டினேன். சின்ன சரக்கின் நம்பர் நூற்றுப் பன்னிரண்டு. பெரிய சரக்கு நூற்று இருபத்தொன்று. நான் எதைத் தட்டியிருக்கிறேன் என்று இப்போது திரையில் பெரிதாகத் தெரிந்தது.

முதலாளி முன்னால் அந்த ‘ஒன்றரை’யைப் பார்த்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஒரு நாளைக்கு இருபது முப்பது மாற்றம் போடுகிறேன், நடந்து பத்து நாளுக்கு மேல் ஆகிவிட்டது, மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். நிஜமாகவே உறைக்கவில்லையா, உறைக்க நான் விடவில்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

டீ குடிக்கப் போன நேரத்தில் மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“பெருசு பண்ணாதீங்க. சிஸ்டத்துல ஏதோ கோளாறுன்னு மொதலாளிகிட்ட நான் சொல்லிக்கிறேன். ஒரு வாரம் போவட்டும், அந்தப் பொண்ண மன்னிச்சி கூப்ட்டுக்கிட்ட மாதிரி இருக்கட்டும்,” என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், அந்தப் பேச்சு எனக்கு இனித்தது. சரி என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். பத்தொன்பது வருட மரியாதை போகாது, அவளுக்கும் வேலை திரும்பக் கிடைக்கும், யாருக்கு என்ன நஷ்டம் என்று மனசு கணக்குப் போட்டது. டீயை முழுவதும் குடித்து முடிக்கிற வரை அதே யோசனைதான். ‘மன்னிச்சி’ என்ற வார்த்தைதான் உறுத்தியது. செய்யாத தப்புக்கு மன்னிக்கப்பட்டவளாக அவள் தினமும் பஸ் ஏறி வரவேண்டும். நான் அதைப் பார்த்துக்கொண்டு ஆபீஸ் இரண்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். என்னால் ஆகாது என்று தோன்றியது.

முதலாளி அறைக்குப் போனேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. எச்சில் கை, இடது கை, காலண்டரில் எழுதி வைத்த பாஸ்வேர்டு, எல்லாவற்றையும் சொன்னேன். அழுகை வந்துவிட்டது, அழுதுகொண்டே சொன்னேன்.

“அந்தப் பொண்ணு இதே எடத்துல நின்னு கையெடுத்துக் கும்பிட்டுச்சு. நீங்க பக்கத்துலதான் நின்னீங்க,” என்றார். பிறகு, “நாளைக்கி ஆபீஸுக்கு வராதீங்க. நேரா அவங்க வூட்டுக்குப் போயி கூட்டிட்டு வாங்க,” என்றார்.

மறுநாள் காலை வேப்பூர் பஸ் ஏறினேன். வேப்பூரில் இறங்கி, மினிபஸ் பிடித்து, விசாரித்துக்கொண்டு போனால் வீடு பூட்டியிருந்தது. மக்காச்சோளக் கொல்லையில் களைவெட்டுக்குப் போயிருக்கிறாள் என்றார்கள். ராத்திரி மழை பெய்திருந்தது. செருப்பில் சேறு அப்பிக்கொண்டு, ஒவ்வொரு காலும் ஒரு கிலோ கூடுதலாகக் கனத்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் நடந்தேன். என்னைப் பார்த்ததும் களைக்கொட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். கூட இருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

சொன்னேன். நின்ற இடத்திலேயே, அந்தப் பெண்கள் காதில் விழுகிற மாதிரியே சொன்னேன்.

“நீங்களாக்கா?” என்றாள். நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். அவள் கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிடுகிற மாதிரி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

“வேல போனதுகூட எனக்குப் பெருசில்லக்கா. கம்ப்யூட்டரு பொய் சொல்லாதுன்னு சொன்னீங்க பாருங்க. வூட்டுல எங்க வூட்டுக்காரருகிட்ட சொல்லும்போது அதையும் சொல்லிட்டேன். அதுக்கப்புறம் அவரே என்னை ஒரு வாட்டி கேட்டாரு, நெசமாவே நீ பண்ணலியான்னு.”

அவள் கணவர் லாரி டிரைவர். அப்போது எங்கோ ஆந்திரா பக்கம் லோடு கொண்டு போயிருந்தார். அவள் இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்து நம்பர் போட்டு என்னிடம் நீட்டினாள்.

“அவருகிட்ட சொல்லுங்கக்கா. அப்புறம் வரேன்.”

முன்பின் பார்த்திராத ஒரு மனிதரிடம், கொல்லை நடுவில் வெறுங்காலோடு நின்றுகொண்டு, உங்கள் மனைவி தப்பு செய்யவில்லை, செய்தது நான் என்று சொன்னேன். பின்னால் லாரிகளின் ஹாரன் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். “சரிங்க... சரிங்க,” என்று மட்டும் சொன்னார். கடைசியில், “அதுகிட்ட போனக் குடுங்க,” என்றார். கொடுத்தேன். அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு சோளப் பயிருக்குள் கொஞ்ச தூரம் தள்ளிப் போனாள். அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வந்தபோது முந்தானையால் முகத்தைத் துடைத்திருந்தாள்.

“இன்னிக்கிக் களை முடிச்சாதான் கூலி. நாளைக்கிக் காலையில எப்பவும் வர்ற பஸ்ஸுல வரேன். நீங்க போயிட்டு வாங்க,” என்றாள்.

சொன்ன மாதிரியே வந்தாள். முதலாளி கேட் வரைக்கும் போய் நின்று, எல்லார் முன்னாலும் அவளிடம் வருத்தம் சொன்னார். நான் கிளேஸ் செக்‌ஷனில் எல்லாரையும் நிற்கவைத்து நடந்ததை இன்னொரு தடவை சொன்னேன். நாலாவது தடவை சொல்வதும் முதல் தடவையைவிட லேசாக இல்லை.

அன்று எல்லாருக்கும் பழைய பாஸ்வேர்டை அழித்துப் புதியது போட வேண்டும். பயிற்சி கொடுத்த பெண் எழுதிக் கொடுத்துவிட்டுப் போன முதல் வேலை அது. அட்மின் என்கிற முறையில் ஒவ்வொருவர் பக்கத்திலும் நின்று நான்தான் வழி சொன்னேன். நடுவில் மேஸ்திரி எட்டிப் பார்த்து, “வேப்பூரு, இன்னிக்கிப் பெரிய லோடு இருக்குது, உன் ஐடி...” என்று பழக்க தோஷத்தில் ஆரம்பித்தார்.

“நானே தட்டுறேன் மேஸ்திரி. லோடு விவரம் எடுத்தாங்க,” என்றாள். மேஸ்திரி போய் எடுத்துவந்தார்.

அவள் முறை வந்தது. திரையில் புதிய பாஸ்வேர்டு கேட்டது. நான் எப்போதும் போல அவள் தோளுக்குப் பின்னால் குனிந்து நின்றுகொண்டிருந்தேன். அவள் விரலைக் கீபோர்டின் மேல் வைத்துவிட்டுத் தட்டாமல் இருந்தாள்.

“அக்கா, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கிறீங்களா?”

குரலில் கோபம் இல்லை. மரியாதையாகத்தான் கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. நான் ஜன்னல் பக்கம் திரும்பி, மழைக்குத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்த களிமண் குவியலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் ஒவ்வொரு எழுத்தாக அவள் தட்டுவது கேட்டது. நிறைய எழுத்து. நிதானமாகத் தட்டினாள்.

அவள் இப்போதும் எங்கள் கம்பெனியில்தான் இருக்கிறாள், அதே ‘அக்கா’தான், சாப்பாட்டு நேரத்தில் குழம்பு பரிமாறிக்கொள்வதுகூட உண்டு. ஆனால் என்னை மன்னித்துவிட்டாளா என்று கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. எங்கள் ஆபீஸில் யார் பாஸ்வேர்டு தட்ட ஆரம்பித்தாலும் நான் உடனே முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். பயிற்சியில் படித்ததைப் பின்பற்றுகிறேன் என்று மற்றவர்கள் நினைக்கிறார்கள், எனக்கு அது ஒவ்வொரு தடவையும் அவளிடம் நான் கேட்கிற மன்னிப்பு.